பந்தாடும் தேசங்கள் – 9: கம்பெனி அணியும் ஊர் அணியும்

ஜப்பானில் 1965 முதலே தேசிய கால்பந்து லீக் ஒன்று நடந்துவந்தது. மிட்சுபிஷி, மஸ்தா, நிஸ்ஸான் என்று அணிகளெல்லாம் கம்பெனிகளுடையவை. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியர்கள். கேலரிகள் காற்று வாங்கின.

இதை மாற்றத் துணிந்தவர் சபுரோ கவாபுச்சி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக ஆடியவர், ஜே லீக்கின் முதல் தலைவர். தொழில்முறை லீக்கில் சேர அவர் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானது, அணி ஊரின் பெயரைத் தாங்க வேண்டும் என்பது. யொமியூரி போன்ற பத்திரிகைப் பெருநிறுவனமே எதிர்த்து நின்றும் அவர் அசையவில்லை. ஜே லீக்கை ஜே லீக் ஆக்கியது அந்தப் பிடிவாதம்தான் என்பேன்.

காஷிமாவைப் பாருங்கள். சுமார் 45 ஆயிரம் பேர் வாழ்ந்த கடலோரத் தொழிற்பேட்டை ஊர். அங்கிருந்த சுமிதோமோ உருக்காலை அணி அப்போது இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. "நீங்கள் சேர 99.9999 சதவீதம் வாய்ப்பில்லை, 15 ஆயிரம் இருக்கைகளோடு கூரை போட்ட மைதானம் கட்டினால் பார்க்கலாம்" என்ற தோரணையில் கைவிரித்தார் கவாபுச்சி. கட்டிவிட்டார்கள்! பிரேசிலின் ஜிக்கோவையும் அழைத்துவந்தார்கள். லீக் தொடங்கிய மறுநாள், 1993 மே 16 அன்று, நகோயாவை 5-0 என்று சாய்த்தது காஷிமா. அதில் மூன்று கோல் நாற்பது வயதான ஜிக்கோவுடையது. இன்று ஜப்பானில் அதிக முறை லீக் பட்டம் வென்ற அணி அதுதான்.

ஆனால் பெயர் ஊருடையது, பணம் கம்பெனியுடையது. 1998 அக்டோபரில் அந்த முரண்பாடு வெடித்தது. பண நெருக்கடியில் யோகோஹாமா ஃப்ளூகெல்ஸை அதே ஊரின் மரினோஸோடு இணைப்பதாக முதலாளிகள் அறிவித்தார்கள். ரசிகர்கள் கெஞ்சினார்கள், கையெழுத்து திரட்டினார்கள், பலிக்கவில்லை. ஆட்டக்காரர்களோ அதன்பின் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1999 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பையை வென்றார்கள். அத்தோடு அணி கலைந்தது.

ரசிகர்கள் மரினோஸ் பக்கம் போகவில்லை. காசு சேர்த்து யோகோஹாமா எஃப்சி என்று புது அணியே தொடங்கிவிட்டார்கள். அதே 1999-ல்தான் ஜே லீக்கும் இரண்டு டிவிஷன்களாகப் பிரிந்து, ஏறவும் இறங்கவும் படிக்கட்டு அமைத்தது. (மூன்றாவது டிவிஷன் 2014-ல் வந்தது, 2024-லிருந்து ஒரு டிவிஷனுக்கு 20 என மொத்தம் 60 அணிகள்.) அந்தப் படிக்கட்டுக்கும் கீழே, ஜே லீக்குக்கு வெளியிலிருந்த லீக்கில் ஆட்டத்தைத் தொடங்கிய ரசிகர்களின் அணி, 2001-ல் இரண்டாம் டிவிஷனுக்குள் நுழைந்தது. 2006-ல் அங்கே முதலிடம். மறுவருடம் மரினோஸ் ஆடும் முதல் டிவிஷனிலேயே, அவர்களுக்கு எதிரே வந்து நின்றது.