மரியோவை வரைந்தவர் கலைக் கல்லூரி மாணவர்!

வீடியோ கேம் போட்டி என்றால் பரிசுப் பணம் ஜெயித்தவருக்குத்தானே? 2018 ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஃபோர்ட்நைட் போட்டியில் அப்படி இல்லை. ஒரு கேம் வீரர், ஒரு பிரபலம் என 50 ஜோடிகள் மோதின. மொத்தப் பரிசு 30 லட்சம் டாலர். அவ்வளவும் தொண்டு அமைப்புகளுக்கு! கேம் உலகின் நட்சத்திரம் நிஞ்ஜாவும் இசைக் கலைஞர் மார்ஷ்மெல்லோவும் முதலிடம் பிடிக்க, அவர்கள் பெயரில் 10 லட்சம் டாலர் நன்கொடையாகப் போனது.

பார்ப்பவர்களே கொடுக்கிறார்கள்

அது கேம் நிறுவனம் கொடுத்த பணம். ரசிகர்களின் சில்லறையே பெருந்தொகையான கதையும் உண்டு. 2010 ஜனவரியில் சில நண்பர்கள் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கூடி, பழைய கேம்களை மளமளவென முடித்துக்காட்டி, அதை இணையத்தில் நேரலை செய்தார்கள். பார்த்தவர்கள் 10,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். 'கேம்ஸ் டன் குயிக்' என்ற அந்த நிகழ்ச்சி, 2022 ஜனவரியில் புற்றுநோய்த் தடுப்புக்காகத் திரட்டியது சுமார் 34 லட்சம் டாலர்!

சூட்சுமம் எளிது. 'சூப்பர் மெட்ராய்டு' கேமின் கடைசிக் கட்டத்தில் சில விலங்குகளைக் காப்பாற்றலாம். ஆனால், நேரம் வீணாகும். காப்பாற்றுவதா, விட்டுவிடுவதா? எந்தப் பக்கம் அதிக நன்கொடை குவிகிறதோ, அதன்படிதான் வீரர் ஆட வேண்டும். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இரு தரப்பும் பணத்தை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

முதலில் வெட்டு விழும் வகுப்பு

இந்த வழி பள்ளிகளின் கலை வகுப்புகளுக்கு ரொம்பவே பொருந்தும். காரணம், பணத்தட்டுப்பாடு வந்தால் பள்ளிகள் முதலில் கைவைப்பது இசை, ஓவியம், நாடகத்தில்தான். கேம் நிறுவனங்கள் நிறைந்த கலிஃபோர்னியாவிலேயே அதுதான் நடந்தது. 1978-ல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வந்தது. பள்ளிகளின் வருமானம் சரிந்தது. பல பள்ளிகளில் கலை வகுப்புகள் காணாமல்போயின. 2022 நவம்பரில்தான் மக்கள் வாக்களித்து, கலைக் கல்விக்கென ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் ஒதுக்கவைத்தார்கள். அதில் பெரும்பகுதி ஆசிரியர்களை நியமிக்க.

போட்டி நடத்தித் திரட்டும் பணம் ஒருமுறை வருவது. வயலின், வண்ணங்கள், நாடக உடைகள் வாங்க அது போதும். ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க அரசின் நிரந்தர நிதி வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும்.

கேமுக்குள் இருக்கும் கலை

மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, புரோகிராம் எழுதுபவராக நின்டெண்டோவுக்கு வரவில்லை. ஜப்பானில் கலைக் கல்லூரியில் வடிவமைப்பு படித்தவர். காமிக்ஸ் வரையும் ஆசை கொண்டவர். ஓவியராகத்தான் நிறுவனத்தில் சேர்ந்தார். 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேமுக்கு இசையமைத்த கோஜி கோண்டோவும் கலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவரே. 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்த இசையைச் சேர்த்தது. கேம் இசை ஒன்றுக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை.

ஓவியம், இசை, கதை மூன்றும் இல்லாவிட்டால் கேமே இல்லை. அதனால், கேம் ஆடித் திரட்டும் பணம் கலை வகுப்புக்குப் போவது தானம் மட்டுமல்ல, பழைய கடனைத் திருப்பித் தருவதும்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கேமில் மூழ்கியிருக்கிறதா? திட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த உருவத்தை வரைந்தது யாருன்னு தெரியுமா?" கையில் பென்சில் எடுக்க அதுவே காரணமாகலாம்!