பஸ் காசும் மருந்துதான்!

பிள்ளைக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. முகம் வெளுத்துப் போயிருக்கிறது. அடிபடாமலே கை காலில் நீலத் திட்டுகள். தோட்டத்து டிரெசர் பார்த்துவிட்டு, "இது நம்ம மருந்துக்கு அடங்காதும்மா. உடனே கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று கடிதம் எழுதிக் கொடுக்கிறார். கிள்ளானில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்கள். இரத்தப் புற்றுநோய் என்கிறார் டாக்டர்.

அன்று முதல் அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தாய் பிள்ளையின் கட்டிலருகே, இரவும் பகலும் ஒரே நாற்காலியில். தகப்பன் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க முடியாது. போகாவிட்டால் சம்பளம் இல்லை. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கதி.

"அரசாங்க ஆஸ்பத்திரிதானே, செலவென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்கள் கட்ட வேண்டியது நாளொன்றுக்குச் சில வெள்ளிதான். ஆனால் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரலில் இறங்கி, மோனோரயில் மாறிப் போய் வருவதற்கு யார் காசு தருவார்? தாயின் வயிற்றுக்கு? இழந்த நாள் சம்பளத்துக்கு? பில்லில் எழுதாத செலவுகள் இவை. குடும்பத்தை முறிப்பதும் இவைதான்.

பாதியில் நின்றால் ஆபத்து

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய், ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. இதை நம் மக்கள் மனத்தில் நன்றாகப் பதிய வைக்க வேண்டும். ஆனால் இந்த வைத்தியம் இரண்டு ஆண்டுக்கு மேல் நடக்கும்.

முதல் மாத மருந்திலேயே பல பிள்ளைகள் தெளிந்து விடுகிறார்கள். காய்ச்சல் போகிறது, சோறு இறங்குகிறது. "புள்ள நல்லாத்தானே இருக்கான், இந்த மாசம் போகாட்டி என்ன?" என்று தோன்றுகிறது. கையில் பஸ் காசும் இல்லை. அங்கேதான் ஆபத்து! கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் நோய் திரும்பி வருகிறது. திரும்பி வந்ததை அடக்குவது முன்னைவிடக் கடினம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் குழந்தைப் புற்றுநோய்க்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. பணக்கார நாடுகளில் நோய் கண்ட 100 பிள்ளைகளில் 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை என்று அது கூறுகிறது. வைத்தியத்தைப் பாதியில் விடுவதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே பஸ் காசும் மருந்துதான். தாய்க்குக் கொடுக்கும் ஒரு வேளைச் சோறும் மருந்துதான்.

நாற்காலியில் தூங்கியவர்கள்

தாய் பக்கத்தில் இருப்பது அவசியம் என்பதை ஆஸ்பத்திரிகளே ஒரு காலத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனில் பெற்றோர் வாரத்தில் ஏதோ ஒரு நாள், சிறிது நேரம் மட்டும் எட்டிப் பார்க்கலாம் என்று பல இடங்களில் விதி இருந்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்த 2 வயதுச் சிறுமியைப் படம் பிடித்து 1952-இல் வெளியிட்டார். தாயைப் பிரிந்த பிள்ளை எப்படி வாடுகிறது என்பதைப் பார்த்து, டாக்டர்கள் பலர் முதலில் கோபப்பட்டார்கள். பிறகு மனம் மாறியது. பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு பிள்ளையோடு தாய் தங்கலாம் என்று 1959-இல் அரசாங்கக் குழுவே பரிந்துரைத்தது.

சரி, தங்கும் தாய் எங்கே படுப்பது? அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரெட் ஹில் என்ற பந்து விளையாட்டுக்காரரின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மற்றப் பெற்றோர் நாற்காலியில் தூங்குவதை அவர் கண்டார். கூட விளையாடியவர்கள் பணம் திரட்டினார்கள். டாக்டர் ஆட்ரி எவன்ஸ் அம்மையார் பெற்றோருக்கு ஒரு வீடு வேண்டும் என்றார். மெக்டோனால்ட்ஸ் கடைக்காரர்கள் பானம் விற்ற பணத்தைக் கொடுத்தார்கள். 1974-இல் முதல் வீடு திறந்தது.

அப்படிப்பட்ட வீடு செராஸ் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அமைந்தது. 1966-இல் தோன்றிய நம் நாட்டுத் தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்குக் கோலாலம்பூரில் ஓர் இல்லம் அமைத்தது. 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் கடும் நோயாளிகளின் வீட்டுக்கே மிஸ்ஸிகளை இலவசமாக அனுப்புகிறது. இவையெல்லாம் பொதுமக்கள் கொடுத்த காசில் நடப்பவை.

சில்லறைதான், ஆனால் சேர்ந்தால்?

"நாமே கஷ்டப்படுறோம், நாம என்னத்தக் கொடுக்கறது?" என்று நினைக்க வேண்டாம். தைவானில் 1966-இல் சூ சி என்ற பௌத்த அமைப்பைத் தொடங்கியபோது, 30 குடும்பப் பெண்கள் மூங்கில் உண்டியலில் தினமும் 50 காசு போட்டார்கள். இன்று அதன் தொண்டர்களை, நீலச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக, நம் நாட்டிலும் காணலாம்.

அவ்வளவு தூரம் ஏன்? 1960-இல் துன் சம்பந்தன் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கியவர்கள் நம் அப்பனும் ஆத்தாளும்தானே! அந்தச் சில்லறையில்தான் தோட்டங்களையே வாங்கினோம். ஒரு பிள்ளைக்குப் பஸ் காசு சேர்க்க நம்மால் முடியாதா?

செய்ய வேண்டியது

1. காசு கொடுப்பதானால் ஒரே நாளில் நிறையக் கொடுத்துவிட்டு மறக்காதீர்கள். பத்து குடும்பம் சேர்ந்து மாதாமாதம் கொஞ்சம் கொடுத்தால் வைத்தியம் முடியும்வரை வரும். கணக்கு எழுதி வையுங்கள்.

2. வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள், சோறு போடுங்கள். வார்டில் உள்ள தாய்க்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

3. ஒரு நாள் அத்தையோ சித்தியோ பிள்ளையோடு இருந்தால் தாய் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வருவாள். வார்டு மிஸ்ஸியிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

4. இருமல், சளி இருந்தால் போகாதீர்கள். கை கழுவிவிட்டுத் தொடுங்கள். மருந்து ஏறும் பிள்ளைக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைவு. பூ, பழம், பலகாரம், பொம்மை எதுவானாலும் மிஸ்ஸியைக் கேட்டுக் கொடுங்கள்.

5. "யார் கண்ணு பட்டதோ", "என்ன பாவம் செஞ்சோமோ" என்ற பேச்சு வேண்டாம். இந்த நோய் தாயின் குற்றமல்ல. தொற்றும் நோயும் அல்ல. பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்காருங்கள், போதும்.

6. உடல் நலமுள்ளவர்கள் இரத்த தானம் செய்யுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேட்பது பிச்சையல்ல

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று ஒரு பிரிவு உண்டு. கஷ்டத்தை அங்கே சொல்லுங்கள். அடையாளக் கார்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, டாக்டர் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். மலாய் சரளமாக வராவிட்டால் தோட்டக் கமிட்டித் தோழர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளையின் கடும் நோய்ச் செலவுக்குச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழியுண்டு. எந்தெந்த நோய்க்கு என்று விசாரியுங்கள். 2011 முதல் ஆஸ்பத்திரிகளில் பள்ளி நடத்தும் திட்டமும் இருக்கிறது. பிள்ளையின் படிப்பு பற்றியும் கேளுங்கள்.

வெட்கப்பட்டு வாய் மூடியிருந்தால் நஷ்டம் பிள்ளைக்கு. அடுத்த தேதிக்குப் போகக் காசில்லையென்றால், தேதிக்கு முன்பே பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், கமிட்டியில் சொல்லுங்கள்.

கேட்கும் நாமும் காதை மூடிக்கொள்ள வேண்டாம். நம் தோட்டத்தில், நம் பிளாட்டில், எந்தப் பிள்ளையும் பஸ் காசு இல்லாமல் ஒரு தேதியைத் தவறவிடக் கூடாது. இதை இந்த மாதக் கூட்டத்திலேயே பேசுவோமா, தோழர்களே?