ஊருக்குப் போய் வந்த காய்ச்சல்

லைம் நோய்க்கு நவி மும்பை வாஷியில் மருந்து உண்டா என்று கேட்பவர்கள், அதைவிட அருகில் இருக்கும் இன்னொரு கடியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நியூஜெர்சிக்குப் போய், ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் தாத்தா பாட்டிகள் வாஷியில் செக்டருக்குச் செக்டர் உண்டு. அங்கே மகனோ மருமகளோ ஓயாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்றும் அவர்களோடு வந்துவிடுகிறது: "புல்லில் நடந்தால் காலைப் பாருங்கள், உண்ணி ஒட்டியிருக்கும், லைம் வந்துவிடும்." ஊர் திரும்பிய பிறகு முழங்கால் வீங்கினாலோ காய்ச்சல் அடித்தாலோ பழைய பயம் தலைதூக்குகிறது. அமெரிக்க வியாதிக்கு இங்கே யார் வைத்தியம் பார்ப்பார்கள்?

மருந்தைப் பற்றிக் கவலை வேண்டாம். லைமுக்கு முதலில் கொடுப்பது டாக்ஸிசைக்ளின். வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்கள் லெப்டோ எனும் எலிக்காய்ச்சல் வராமலிருக்க 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்று மும்பை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்திலும் சொல்கிறதே, அதே மாத்திரைதான். எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், விலையும் குறைவு. இங்கே தட்டுப்பாடு மருந்துக்கு இல்லை. சரியான நேரத்தில் எழ வேண்டிய சந்தேகத்துக்குத்தான்.

லைம்: எங்கே, எப்படி?

1975-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்ற சிற்றூரையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த குழந்தைகள் பலருக்கு மூட்டுகள் வீங்கின. ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கா என்று விடாமல் கேட்டவர்கள் இரண்டு தாய்மார்கள். யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் அதை ஆராய்ந்தார். 1982-இல் ஆய்வாளர் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அது அவர் பெயராலேயே பொரேலியா பர்க்டார்ஃபரி ஆனது. மும்பைக்காரர்களுக்கு நன்கு பழக்கமான லெப்டோ கிருமியும் இதே சுருள் இனத்தைச் சேர்ந்ததுதான்.

கடிப்பது பெரும்பாலும் உண்ணியின் இளம் பருவம். கசகசா அளவுதான் இருக்கும். கடித்த உடனே நோய் தொற்றுவதில்லை. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உடம்பில் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும். 3 முதல் 30 நாட்களுக்குள், கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த படை ஒன்று மெல்ல விரியும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இது வரும். அரிப்போ வலியோ அதிகம் இராது. அந்தக் கட்டத்தில் இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் முடிந்தது. விட்டுவிட்டால் முகம் ஒரு பக்கம் கோணலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம், சில மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கலாம்.

படை தெரிகிறபோதே ரத்தப் பரிசோதனைக்கு ஓடினால் ஏமாற்றமே மிஞ்சும். எதிர்ப்புப் புரதம் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதனால் நோய் இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வரக்கூடும். உண்ணி இருக்கும் இடத்துக்கே போகாதவர் சும்மா பரிசோதித்துக்கொண்டால் இதற்கு நேர்மாறாக, இல்லாத நோயை 'இருக்கிறது' என்று காட்டிவிடும் வாய்ப்பு கூடுதல். எனவே பரிசோதனைக் கூடத்துக்குப் போகுமுன், போன இடமும் நாளும் சொல்லி டாக்டரிடம் கேட்பதே முறை. படை இருந்தால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். விமானம் ஏறி வருவதற்குள் அது மறைந்துவிடலாம்.

நமக்கு அருகில் இருப்பது

இந்தியாவிலும் லைம் இல்லாமல் இல்லை. வயநாட்டில் பதிவாகியிருக்கிறது, கர்நாடகத்தின் நாகரஹோளே, பந்திப்பூர் காட்டுப் பகுதி மக்களின் ரத்தத்தில் அதன் எதிர்ப்புப் புரதம் காணப்பட்டிருக்கிறது. ஆனாலும் அரிது. மும்பைத் தமிழர் ஒருவருக்கு, கண்ணில் பட்டும் படாமலும் கடித்துவிட்டுப் போகும் உண்ணி போன்ற சிற்றுயிர்களால் வரக்கூடிய நோய்களில் முதலில் நினைக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். தமிழ்ப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். கடிப்பது உண்மையில் உண்ணி அல்ல. புதர்களிலும் புல்லிலும் எலிகளை அண்டி வாழும் மிகச் சிறிய சிலந்திப் பேனின் குஞ்சு. சாதாரணமாகக் கண்ணுக்குப் படாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பல ஆண்டுகளாக இந்தக் காய்ச்சலைத் துரத்திக்கொண்டிருக்கிறது. தமிழகக் கிராமங்களில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்கு வரும் காய்ச்சல்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று அங்குள்ள ஆய்வுகள் காட்டுகின்றன. 2024-25 குளிர்காலத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறையும் சென்னை, வேலூர் சுற்றுவட்டார மாவட்டங்களை எச்சரித்தது. மகாராஷ்டிரமும் விதிவிலக்கல்ல. 2018 மழைக்காலத்தில் நாக்பூர் வட்டாரம் இதனால் அல்லல்பட்டது.

தமிழகத்தில் இது மழை தொடங்கிக் குளிர் முடியும் வரை தலைகாட்டும். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வாஷியிலிருந்தும் நம்மவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு ரயிலேறுவதும் அப்போதுதான். கடித்துக் காய்ச்சல் வருவதற்குச் சுமார் பத்து நாள் ஆகும். அதாவது கடி திருநெல்வேலிப் பக்கத்து வயல்வரப்பில். காய்ச்சல் வாஷி ஃப்ளாட்டில். பார்க்கிற டாக்டருக்கு மும்பையின் மலேரியாவும் டெங்குவும்தான் முதலில் ஞாபகம் வரும். ஸ்க்ரப் டைபஸிலும் பிளேட்லெட் குறைகிறது, கல்லீரல் என்சைம் அளவு ஏறுகிறது. டெங்கு என்றே நினைத்து வீட்டில் பப்பாளி இலைச் சாறு பிழிய ஆரம்பித்துவிடுவார்கள்.

கறுத்த பொருக்கு

இந்த நோய் உடம்பில் ஒரு முத்திரை வைக்கிறது. கடித்த இடத்தில் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்பும் ஆகிறது. வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால், பெல்ட்டோ பாவாடை நாடாவோ அழுத்தும் இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் இருக்கும். நோயாளிக்கே தெரியாது. எல்லாருக்கும் இது வருவதுமில்லை. ஆனால் வந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஓ.பி.டி.யில் வரிசை வாசல்வரை நிற்கும்போது, சேலை கட்டிய அறுபது வயது அம்மாவின் இடுப்பைப் பார்க்க டாக்டருக்கு நேரமில்லை; காட்ட அம்மாவுக்கும் கூச்சம். அந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். நல்ல வெளிச்சத்தில், மகளோ மருமகளோ தலைமுடி ஓரத்திலிருந்து கணுக்கால்வரை ஒருமுறை பார்த்தால் ஐந்து நிமிடம். பொருக்கு தென்பட்டால் டாக்டரிடம் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும்.

சரியாகக் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் ஏழு நாள். பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நிலைமை முற்றினால் இரண்டையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்பதை சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் செய்த ஆய்வு 2023-இல் நிறுவியது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நர்சிங் ஹோம்களில் காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, லைம் முற்றியபோது கைகொடுக்கும்; ஸ்க்ரப் டைபஸ் கிருமியை அது தொடுவதேயில்லை. 'டைபாய்டாக இருக்கும்' என்று அந்த ஊசியிலேயே நாட்கள் ஓடினால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் அடிவாங்கும். வைத்தியமின்றி விட்டால் இது உயிரையே பறிக்கக்கூடிய நோய்.

கொங்கண் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் அடையாளம் காணப்பட்ட குரங்குக் காய்ச்சல், 2016-இல் சிந்துதுர்க் மாவட்டத்துக்கும் வந்தது. பரப்புவது அசல் உண்ணிதான். ஆனால் இது வைரஸ், டாக்ஸிசைக்ளினுக்கு மசியாது. ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொள்வதே வழி.

எங்கே போவது?

முதலில் குடும்ப டாக்டர் அல்லது பொது மருத்துவர். வாஷி செக்டர் 10-இல் நவி மும்பை மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. செம்பூர், மாட்டுங்கா, தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை. தொற்றுநோய்க்கென்றே உள்ளது சிஞ்ச்போக்லியின் கஸ்தூர்பா மருத்துவமனை. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் 'ஸ்க்ரப் டைபஸ் ஐ.ஜி.எம். எலைசா பார்க்கலாமா?' என்று கேளுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள். மூச்சிரைப்பு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவு தெரிந்தால் வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவு.

உண்ணி ஒட்டியிருப்பது தெரிந்தால் மண்ணெண்ணெயும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். இடத்தை சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள்.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் மூன்று விஷயங்களை அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: கடந்த சில மாதங்களில் எங்கே போனீர்கள், புல்லிலோ புதரிலோ வயலிலோ காலை வைத்தீர்களா, உடம்பில் படையோ பொருக்கோ இருக்கிறதா. நியூஜெர்சியானாலும் நாங்குநேரியானாலும் அவருடைய சந்தேகம் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.