எகிப்தின் முதல் பெண் அமைச்சர்

எகிப்தில் அமைச்சர் பொறுப்பேற்ற முதல் பெண் ஹிக்மத் அபு ஸைத். அஸ்யூத் பகுதிக் கிராமத்தில் பிறந்த அவர், கெய்ரோவில் வரலாறு படித்தார். லண்டனில் கல்வி உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1962இல் அதிபர் நாசர் அவரைச் சமூக நல அமைச்சராக்கினார். அஸ்வான் உயர் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நீரில் மூழ்கவிருந்த ஊர்களிலிருந்து நூபிய மக்களை வடக்கே கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தும் வேலை அவருடைய துறையிடம் வந்தது. பல்லாயிரம் பேரைப் பூர்வீக மண்ணிலிருந்து பெயர்ப்பது எந்த அமைச்சருக்கும் எளிதல்ல. 1965இல் பதவி முடிந்தது. பின்னாளில், இஸ்ரேலுடன் நாசருக்குப் பின் அதிபரான சதாத் செய்துகொண்ட சமாதானத்தை எதிர்த்த அவர், லிபியாவில் நெடுங்காலம் வாழ்ந்து அங்கும் கற்பித்தார். 1990களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பி, 2011இல் காலமானார்.