வயலில் சாய்ந்தவர்கள்: அதிர்ச்சி இதயத் துடிப்பைக் குலைப்பது எப்படி?

2016 டிசம்பரிலும் 2017 ஜனவரியிலும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கருகிய சம்பாப் பயிரைப் பார்க்கப் போன விவசாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலிலேயே சாய்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. ஊர் பெயர் மட்டும் மாறும்.

அந்த ஆண்டு ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை, குறுவை போனது. செப்டம்பர் 20-ல் திறந்த தண்ணீரை நம்பி சம்பாவில் இறங்கினார்கள். வடகிழக்குப் பருவமழையோ வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைவு. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளின் அடிப்படையில் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10-ல் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. தற்கொலை செய்துகொண்ட 17 விவசாயிகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள் விஷயத்தில்தான் வாதம் முற்றியது. ‘வயசாச்சு, ஏற்கெனவே நோய் இருந்திருக்கும், இது இயற்கை மரணம்’ என்றது ஒரு தரப்பு. ‘பயிரைப் பார்த்த அதிர்ச்சிதான் கொன்றது’ என்றன குடும்பங்கள். மருத்துவத்தைக் கேட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

நம் இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சிலிருந்து, நாம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின் அலை கிளம்புகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கடைமடை வயல் என்று தண்ணீர் முறைப்படி போவதுபோல, அந்த அலையும் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு வரிசையாகப் போக வேண்டும். அப்போதுதான் இதயம் ஒழுங்காகச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்.

கடும் அதிர்ச்சியில் அட்ரினலின் கொட்டுகிறது. துடிப்பு எகிறும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். ஆரோக்கியமான இதயம் என்றால் பெரும்பாலும் கொஞ்ச நேரம் படபடத்துவிட்டு அடங்கிவிடும். பழைய மாரடைப்பின் தழும்போ, அடைத்த ரத்தக்குழாயோ, தடித்த தசையோ இருந்தால் அந்த இடத்தில் மின் அலை சிக்கிச் சுழலத் தொடங்கலாம். ஒரே நேரத்தில் பத்து இடத்தில் கரை உடைந்தால் தண்ணீர் எங்கெங்கோ ஓடும், வயலுக்கு மட்டும் போகாது. அதேபோல், கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். சில நொடிகளில் நினைவு தப்பும். ஊரில் இதற்கும் ‘அட்டாக்’ என்றுதான் பெயர். ஆனால் ரத்தக்குழாய் அடைபடுவது மாரடைப்பு, இது மின்கோளாறு. மாரடைப்பே இதைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

1994 ஜனவரி 17 அதிகாலை, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நார்த்ரிட்ஜில் பெரும் நிலநடுக்கம். அதற்கு முந்தைய வாரம் அந்த வட்டாரத்தில் திடீர் இதய மரணங்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4.6. நிலநடுக்க நாளில் 24. அடுத்த ஆறு நாள்களில் வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது! பலவீனமான இதயம் உள்ளவர்களைத்தான் அந்த நாள் முந்திக்கொண்டு கூட்டிப்போயிருக்கிறது. நோய் இருந்தது உண்மை. அன்றைக்கே போக வைத்தது அதிர்ச்சி என்பதும் உண்மை.

டெல்டாவுக்கு இது புதிய கதை இல்லை. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுப் புகாரில் அவன் தாயும் கண்ணகியின் தாயும் உயிர்விட்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் ‘டகோட்சுபோ’ என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார்கள். துக்கத்தில் இதயத்தின் கீழறை ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோல உப்பிவிடும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் வருகிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

எல்லாம் வயலிலும் நிலநடுக்கத்திலும்தான் நடக்கும் என்றில்லை. டென்மார்க்கில், துணையை இழந்தவர்களை ஆராய்ந்தார்கள். முதல் 30 நாள்களில் அவர்களுக்கு ‘ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்’ என்னும் தாறுமாறான மேலறைத் துடிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 41 சதவிகிதம் அதிகம். உச்சம் எப்போது தெரியுமா? 8-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை. இந்தத் துடிப்பு உடனே ஆளைக் கொல்வது அரிது. ஆனால் இதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

நம் துக்க வீடுகளை நினைத்துப்பாருங்கள். முதல் சில நாள் வீடு நிறைய ஆள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள், இனி கருமாதிக்கு வந்தால் போதும் என்று. சரியாக அந்த இடைவெளியில்தான் அப்பாவோ அம்மாவோ தனியாக, தூக்கமில்லாமல், வெறும் காபியில் ஓட்டிக்கொண்டிருப்பார். பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது, அதை எடுத்துக்கொடுத்தவர்தானே போய்விட்டார். ஒருவராவது அந்த இரண்டாவது வாரத்தில் கூட இருப்பது நல்லது என்பது என் கருத்து.

கூட இருப்பவர் அவர் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்க்கலாம். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப்போவது பலருக்கும் நடப்பதுதான், பெரும்பாலும் ஆபத்தில்லை. தாளமே இல்லாமல் ஓடினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். படபடப்போடு மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் ‘கேஸ்’ என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுப்பது முக்கியம். அடங்கிய பிறகு எடுத்தால் நார்மல் என்று வந்துவிடலாம்.

ஒருவர் சாய்ந்து, கூப்பிட்டாலும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் முகத்தில் தண்ணீர் தெளித்து நேரத்தை விடாதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை.

இன்னொன்று. சாவுச் செய்தியை நம் ஊரில் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். ‘பெரியப்பாவுக்கு உடம்பு முடியலை, கிளம்பி வா’ என்பார்கள். பொய் சொன்னார்கள் என்று வெளியூர்ப் பிள்ளைகள் கோபித்துக்கொள்வதுண்டு. அந்தப் பொய் சரியா என்பது அவரவர் வீட்டு விஷயம். ஆனால் இதய நோய் உள்ள அம்மாவுக்கு, அவர் தனியாக இருக்கும்போது போனில் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையோ தெரிந்தவரையோ அனுப்பி, அவரை உட்காரவைத்து, காலை மாத்திரை போட்டாரா என்று கேட்ட பிறகு சொல்லச் சொல்லுங்கள்.