காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிக்கு ஓர் ஈயமேந்திப் பெட்டி

காற்றுத் துப்பாக்கி என்றதும் நம் தோட்டப்புறங்களிற் பலருக்கும் குரங்கு விரட்டும் கருவியே நினைவிற்கு வரும். ஆயினும் அஃது உலகம் மதிக்கும் ஒரு விளையாட்டின் கருவியுமாகும். 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவிற் பத்து மீற்றர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டி முதன்முதல் இடம்பெற்றது. 2021 இல் நடந்தேறிய தோக்கியோ விழாவில் நம் நாட்டுத் தெஹானி எகொடவெலவும், கடலூரிற் பிறந்த தமிழ் மகள் இளவேனில் வாலறிவனும் இப்போட்டியிற் பங்குபற்றினர். இலக்குத் தாளின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமே உடையது என்றால் இக்கலையின் நுட்பத்தை அன்பர்கள் உணர்வர்.

இலக்கைத் துளைத்த குண்டு அதன்பின் எங்கே செல்கின்றது? இதனைச் சிந்திப்போர் சிலரே. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயன் வீடுகள் நெருங்கி நிற்பன. குழந்தைகள் எப்பக்கமும் ஓடித் திரிவர். வன்மரத்திலோ கற்சுவரிலோ பட்ட குண்டு திரும்பித் தெறித்தால் ஒரு கண் போதல் கூடும். றப்பர் மரத்தையே இலக்காக்குவோரும் உளர். பட்டையிற் புதைந்த ஈயம் பின்னொருநாள் பால் வெட்டுபவரின் கத்தியை மழுக்கும் என்பதை அவர் எண்ணுவதில்லை.

ஆதலின் குண்டை ஏந்தும் பெட்டியொன்று இன்றியமையாதது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. முன்னாளிற் தேயிலை அடைத்த பலகைப் பெட்டி எங்கேனும் கிடைக்குமாயின் மிக நன்று. இப்பொழுது தேயிலை கடதாசிச் சாக்குகளிற் செல்வதால் அது கிடைப்பது அரிது. பழம்பலகைகளை அறைந்தும் பெட்டி செய்து கொள்ளலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக இருக்கட்டும். முன்பக்கம் திறந்திருக்க, அடியில் மாத்திரம் மூன்றங்குல உயரத்திற்கு ஒரு தடுப்புப் பலகை அறைக. உள்ளே மூன்று மில்லிமீற்றர்த் தடிப்புள்ள இரும்புத் தகட்டைச் சாய்வாகப் பொருத்துக. தகட்டின் மேல்விளிம்பு சுடுவோன் பக்கமும் கீழ்விளிம்பு பின்சுவரின் அடியிலும் அமைதல் வேண்டும். சாய்வை மாற்றி வைத்தாற் குண்டு மேல்நோக்கிப் பாயும். இதிற் கவனம் தேவை. தகட்டின் நீளம் ஏறத்தாழப் பதினேழு அங்குலமாகும். பெட்டியின் அடியில் இரண்டங்குலம் ஆற்றுமணல் பரப்புக.

இதன் தத்துவம் எளிது. குண்டு உடுக்கை வடிவான மெல்லிய ஈயம்; அரைக் கிராம் அளவே நிறையுள்ளது. நேர்நின்ற தகட்டில் மோதினால் எதிர்த்து மீளும். சாய்ந்த தகட்டிலோ, தட்டையாகி வேகத்தின் பெரும்பகுதியை இழந்து, கீழ்நோக்கித் திரும்பி மணலில் அடங்கும். முன்னே கட்டிய இலக்கு அட்டை, தெறிக்கும் சிறு துகள்களைத் தடுக்கும். உருக்குக் குண்டுகளை இப்பெட்டியிற் சுடுதல் கூடாது. அவை ஈயம்போல் நசுங்காமற் திரும்பி வருவன.

பெட்டியின் பின்னால் மண்மேடு இருத்தல் வேண்டும். கைதவறிய குண்டு பெட்டியைத் தாண்டுவதும் உண்டன்றோ? கண்ணாடியணியாமல் எவரும் அருகில் நிற்றலாகாது. சட்டப்படி அனுமதி பெற்ற துப்பாக்கிக்கே இவை யாவும் பொருந்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இனி ஈயத்தின் நஞ்சு பற்றிச் சிறிது கூறல் வேண்டும். இருநூறு முறை சுட்டாற் பெட்டியிற் சேர்வது ஏறத்தாழ நூறு கிராம் ஈயம். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்கும் என்பது மருத்துவர் யாவரும் ஒப்புவது. மணலைச் சலிக்குமுன் சற்றே ஈரமாக்குக; உலர்ந்த தூசி மூச்சுடன் உட்செல்லும். இரத்தினக்கல் அரிப்போரைப் போல ஓடையில் இறங்கி அரித்தல் ஒருகாலும் ஆகாது. அந்நீரே கீழேயுள்ள லயன்களுக்குக் குடிநீராதல் கூடும். எடுத்த ஈயத்தை மூடியுள்ள தகரத்திலிட்டுப் பழைய உலோகம் வாங்குவோரிடம் கொடுக்கலாம். தூண்டிற்குண்டு வார்க்கவென்று சமையற் சட்டியில் உருக்குவோர் சில தோட்டங்களில் உண்டு; அச்சட்டியிற் பின்பு கறி சமைத்தல் தகாது. பெட்டியைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவிற்கு அமர்க.