ஹைபிரிட் கார் நெரிசலில் அதிக மைலேஜ் தருவது ஏன்?

சென்னையின் சி.டி.எச். சாலையில் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை காலை நேரத்தில் ஊர்ந்து பாருங்கள். பெட்ரோல் காரின் மைலேஜ் படுத்துவிடும். ஹைபிரிட்டுக்கோ அதுதான் தோதான பாதை. எப்படி?

பிரேக் மிதித்ததும் காரின் வேகம் எங்கே போகிறது? சாதாரண காரில் பிரேக் பேடில் சூடாகி வீணாகும். ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். சக்கரம் அதைச் சுழற்ற, மின்சாரம் பேட்டரிக்குப் போகும். பச்சை விழுந்ததும் கார் கிளம்புவது பெரும்பாலும் அந்த மின்சாரத்தில்தான்.

மழைக்கு மாடிக் குழாயடியில் குடம் வைப்பீர்களே, அதுபோல. நிதானமாக விழுந்தால் குடம் நிறையும். கொட்டினால் பாதி சிதறும். சடன் பிரேக் அடித்தாலும் அவ்வளவையும் வாங்க மோட்டாரால் முடியாது. மிச்சம் சூடாகிவிடும்.

ஆகவே, சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரை விடுங்கள். பிரேக்கை முன்கூட்டியே, லேசாக மிதியுங்கள். டயரில் காற்று குறையக் கூடாது. ‘மைல்டு ஹைபிரிட்’ என்றால் மோட்டார் சின்னது. ஷோரூமில் என்ன சொன்னாலும் லாபம் சொற்பமே.

1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸிலேயே பிரேக்கில் மின்சாரம் எடுக்கும் இந்த உத்தி இருந்தது. அண்ணனூர் பணிமனைக்கு வரும் புதிய ரக மின்ரயில்களும் இதையே செய்கின்றன: பிரேக் போடும்போது கிடைக்கும் மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே திருப்பிவிடுகின்றன.